பூண்டு உரித்தபடி படித்த வரலாறு



'துணையின் மனத்தை ஈர்ப்பது இலட்சியமா, பொறுப்பா?' பொறுப்பே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி பாரதியைக் கூப்பிட்டார். புதுவை மேடையில பாரதியைக் கூப்பிடாம இருக்க முடியுமா? வீட்டு அரிசியை அள்ளிக் குருவிக்குப் போட்டார், எப்பேர்ப்பட்ட மனசுன்னார். நீங்களும் தட்டினீங்க. தம்பி, அந்த அரிசிக்கு அல்லாடினது செல்லம்மா! அவங்க பேரையே காணோமே! (கைதட்டல்)

1908-இல் பாரதியார் இங்கே வந்தார். பின்னாலேயே செல்லம்மாளும் வந்து சேர்ந்தார். 1918 வரை பத்து வருஷம். வெளியிலே போலீஸ் கண்காணிப்பு, உள்ளே வறுமை. இலட்சியத்துக்கு மட்டும் ஒரு பெண் அத்தனை நாள் தாங்குவாளா? அவர் செல்லம்மாள் தோளில் கை போட்டபடி எடுத்துக்கொண்ட படத்தைப் பாருங்கள். மனைவியோடு சேர்ந்து தெருவில் நடந்தாலே ஊர் சிரித்த காலம் அது! தன் இலட்சியத்துக்குள்ளே அவளுக்கும் இடம் வைத்த மனுஷன். 1921-இல் அவர் மறைந்தார். மறு வருஷமே அவர் பாட்டுகளைப் புத்தகமாகப் போட முன்னே நின்றவர் செல்லம்மாள். 1951-இல் திருச்சி வானொலியில் அவரைப் பற்றிப் பேசினார். முப்பது வருஷம் கழிச்சும் பேச விஷயம் இருந்திருக்கு.

அதே காலம், அதே ஊர், இன்னொரு வீடு. 1910 ஏப்ரலில் அரவிந்தர் வந்தார். தனக்கு மூன்று பைத்தியம் இருக்கிறது என்று 1905-இலேயே மனைவி மிருணாளினிக்கு எழுதியவர். கடவுள், தேசம் எல்லாம் அதில் உண்டு. அந்த மகானைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் ஒரு பெண்ணாக எனக்கு மனசு அடிச்சுக்குது. இவர் இங்கே, அந்த அம்மா வங்காளத்திலே. எட்டு வருஷம். புதுச்சேரிக்குப் புறப்பட்டுக் கல்கத்தா வந்தவர், 1918 டிசம்பரில் விஷக் காய்ச்சலில் போய்விட்டார். கடைசி வரைக்கும் இந்தக் கடற்கரையைப் பார்க்கவே இல்லை.

பெரியவங்க கதை போதும், என் கதைக்கு வர்றேன். பெண் பார்க்க வந்தப்போ எங்க வீட்டுக்காரர், "நான் கலெக்டர் ஆகப்போறேன்"னார். மயங்கிட்டேன். பொய் சொல்ல மாட்டேன், மயக்கினது இலட்சியந்தான்! தம்பி, சந்தோஷமா? (சிரிப்பு)

கல்யாணமாச்சு. அறைக் கதவைச் சாத்திக்கிட்டுப் படிப்பார். ஒருநாள் பிள்ளைக்கு 103 டிகிரி காய்ச்சல். கதவைத் தட்டினேன், "அப்புறம்"னார். நானே ஆட்டோ பிடிச்சு ஜிப்மருக்கு ஓடினேன். ராத்திரி திரும்பி வந்தா, "எங்கே போயிட்டே? காபி கேட்டேனே"ங்கிறார்.

நான் சண்டை போடல. மூணு நாள் பேசல, அவ்வளவுதான். நாலாம் நாள் அந்த மனுஷன் புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்கே வந்துட்டார். ஒரு கையில பூண்டு, மடியில இந்திய வரலாறு. உரிச்சுக்கிட்டே படிச்சார்.

அந்த வருஷமும் பரீட்சையில தேறல. கலெக்டர் ஆகவே இல்லை, இன்னைக்கும் குமாஸ்தாதான். ஆனா நடுவர் அவர்களே, அவரை எனக்கு நெஜமாவே பிடிச்சுப்போனது அந்த வருஷந்தான்.

பூண்டு வாசனையோடு என் வாதத்தை முடிக்கிறேன்.