உடம்பில் புகுந்த காற்று
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தோனேசியாவில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் வீட்டில் பெரும்பாலும் முதலில் எழும் சொல் ‘மாசுக் ஆங்கின்’. காற்று உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள். வயிற்று உப்புசம், ஏப்பம், உடல்வலி, குளிர், தலைபாரம் எல்லாம் இதற்குள் அடங்கும். மழையில் நனைந்தாலும், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டாலும், மின்விசிறிக்கு நேரே படுத்தாலும் காற்று புகுமாம். நல்ல வெயிலிலும் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டி, நெஞ்சை மறைத்துக்கொண்டு பைக் ஓட்டுகிறவர்களை அங்கே பார்க்கலாம்.

ஆசிரியர் பரிமாற்றப் பயணமாக மூன்று வாரம் யோக்யகர்த்தாவில் ஒரு குடும்பத்தோடு தங்கினேன். வீட்டுக்காரம்மா பள்ளியில் உயிரியல் கற்பிப்பவர். அவரை ‘இபு’ என்றே அழைத்தேன். அம்மா என்று பொருள். அங்கே ஆசிரியைகளையும் பிள்ளைகள் அப்படித்தான் அழைக்கிறார்கள். இரண்டாம் வாரம் எனக்குத் தலைபாரமும் உடல்வலியும் வந்தன. இபுவின் தாயார் என் முகத்தைப் பார்த்தார், ‘மாசுக் ஆங்கின்’ என்றார், காசை எடுத்துவிட்டார்.

இந்த வைத்தியத்துக்குப் பெயர் கெரோக்கான். முதுகில் ‘காயு பூத்தே’ எண்ணெயைத் தடவுகிறார்கள். நம் யூகலிப்டஸ் தைலத்தை நினைவூட்டும் வாசனை. பிறகு காசின் விளிம்பால் முதுகெலும்பின் இருபுறமும் சாய்வாகச் சுரண்டுகிறார்கள். மீன் முள்போலச் சிவந்த கோடுகள் விழுகின்றன. குழந்தைகளுக்குக் காசு கிடையாது, சின்ன வெங்காயம்தான். கோடு எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு காற்று உள்ளே இருந்ததாகக் கணக்கு. என் முதுகு நன்றாகச் சிவந்ததில் பாட்டிக்குப் பெரிய திருப்தி. அன்றிரவு நான் அயர்ந்து தூங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும். வேலை செய்தது காசா, எண்ணெயா, அந்தக் கையா, தூக்கமா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

இபு இதையே எட்டாம் வகுப்பில் பாடமாக எடுத்தார். “சிவப்பு நிறம் காற்றைக் காட்டுகிறதா என்று எப்படிச் சோதிப்பீர்கள்?” என்று கேட்டார். சிறிது நேரம் அமைதி. ஒரு மாணவன் எழுந்து, “நோயில்லாதவர் முதுகிலும் சுரண்டிப் பார்க்கலாம்” என்றான். அங்கும் சிவக்கும் என்று வகுப்பே ஒத்துக்கொண்டது. தோலுக்கடியில் நுண் இரத்தக்குழாய்கள் உடைவதால்தான் நிறம் வருகிறது என்று இபு படம் வரைந்தார். பாட்டி சொன்னது பொய் என்று அவர் ஒருமுறையும் சொல்லவில்லை. அடுத்து ‘ஆங்கின் டுடுக்’ என்று கரும்பலகையில் எழுதினார். உட்கார்ந்துவிட்ட காற்று. திடீரென நெஞ்சு இறுகி வியர்த்தால் அங்கே அப்படிச் சொல்வார்கள். பல நேரங்களில் அது மாரடைப்பு.

அது வெறும் பாடமாக இருக்கவில்லை. நான் கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு, இரவில் இபுவின் அண்ணனுக்கு நெஞ்சு பாரமாகி வியர்த்துக் கொட்டியது. பாட்டி காசைத் தேடினார். இபு தாயாரோடு வாதாடவில்லை. “எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா, காரிலேயே தடவலாம்” என்று சொல்லி இருவரையும் ஏற்றினார். வழி நெடுகப் பாட்டி மகனின் தோளைத் தடவிக்கொண்டே வந்தார். மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்தார்கள். மாரடைப்பேதான். பிழைத்துக்கொண்டார்.

நம் ஊரிலும் நெஞ்சுவலிக்கு ‘வாயுப்பிடிப்பு’ என்று பெயர் வைத்து, சோடா வாங்கிவரப் பிள்ளையைத்தானே கடைக்கு அனுப்புகிறோம்? அந்தப் பிள்ளை நம் வகுப்பில் இருக்கிறது. வீட்டு வைத்தியத்தைக் கேலி செய்யும் வகுப்பில் அது இதைப் பற்றி வாய் திறக்காது.

இன்னொன்றும் உண்டு. 1970களில் அமெரிக்காவில் குடியேறிய வியட்நாம் அகதிக் குழந்தைகளின் முதுகில் இதே கோடுகளைக் கண்டவர்கள், பெற்றோர் அடித்த தழும்பு என்று நினைத்தார்கள். அங்கும் இந்த வைத்தியம் உண்டு. ஆகவே பிள்ளையின் உடம்பில் தழும்பைப் பார்த்தால் முடிவுக்கு வருமுன் கேட்க வேண்டும். ஆனால் காசு சுரண்டுவதையும் காமாலைக்குச் சூடு போடுவதையும் நான் ஒரே தட்டில் வைக்கமாட்டேன். சூடு குழந்தைக்குக் காயம்தான், யார் வீட்டு வழக்கமானாலும்.

திரும்பி வந்தபின் என் எட்டாம் வகுப்பில் வீட்டு வைத்தியக் குறிப்பேடு ஒன்று தொடங்கியிருக்கிறோம். என்ன நோய், யார் என்ன செய்வார்கள், எந்த அறிகுறி வந்தால் காத்திருக்கக் கூடாது என்று வீட்டில் கேட்டு எழுத வேண்டும். போன மாதம் ஒரு மாணவி எழுதியது: “நெஞ்சு வலித்தால் ஓமத்தண்ணி கொடுக்கணும் என்று ஆத்தா சொன்னாங்க. முதலில் 108க்குப் போன் பண்ணணும் என்று நான் சொன்னேன். சரி, வண்டி வருவதற்குள் கொடுக்கலாமா என்று கேட்டாங்க.” கொடுக்கலாமா என்று ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரைத்தான் கேட்க வேண்டும். வரும் வெள்ளிக்கிழமை அவரை வகுப்புக்கு அழைத்திருக்கிறோம். ஆத்தாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.