கொல்கத்தாவின் 186 நோயாளிகள்: மாநாட்டுத் தலைமை உரை



எனக்கு உடலியங்கியல் கற்பித்த ஆசிரியர்கள் வகித்தது இந்த மாநாட்டின் தலைமைப் பொறுப்பு. அவர்கள் நின்று பேசிய இடத்தில் நிற்பது பெருமையாக இருக்கிறது, அச்சமாகவும் இருக்கிறது. முன்வரிசையில் இருக்கும் பலர் இத்துறையில் என்னைவிட ஆழங்கால்பட்டவர்கள். உங்கள் பொறுமையை நம்பியே தொடங்குகிறேன்.

‘நீரேற்றமும் மனித உடல்நலமும்’ என்பது மாநாட்டின் பொருள். வாசோப்ரசின் எங்கே சுரக்கிறது, தாகம் எப்போது தூண்டப்படுகிறது என்றெல்லாம் இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாளுக்கு எட்டு டம்ளர் என்ற கணக்கின் கதையும் உங்களுக்குத் தெரிந்ததே. 1945-இல் அமெரிக்க உணவு ஊட்டச்சத்து வாரியம் பெரியவர்களுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் என்று எழுதியது. அதில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே கிடைத்துவிடுகிறது என்றும் சேர்த்தே எழுதியது. முதல் செய்தி உலகம் சுற்றியது, இரண்டாவது அங்கேயே தங்கிவிட்டது. 2002-இல் உடலியங்கியலாளர் ஹைன்ஸ் வால்டின் எட்டு டம்ளருக்கு அறிவியல் ஆதாரம் உண்டா என்று தேடி, கிடைக்கவில்லை என்று எழுதினார். 2022-இல் வெளியான, 23 நாடுகளில் 5,604 பேரிடம் செய்த அளவீடு, வயது, உடலுழைப்பு, வெப்பநிலை ஆகியவற்றைப் பொறுத்து நீர்த் தேவை எவ்வளவு மாறுகிறது என்று காட்டிவிட்டது. 2002 பாஸ்டன் மாரத்தானில் சோதிக்கப்பட்ட 488 ஓட்டக்காரர்களில் 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்ததும், அளவுக்கு மீறிக் குடித்ததே அதற்கு முக்கியக் காரணம் என்பதும் பழைய செய்தி. பிற்பகல் அமர்வுகள் இவற்றை விரிவாகப் பேசும். எனக்குத் தந்திருக்கும் நேரத்தை வேறொன்றுக்காகக் கேட்டுக்கொள்கிறேன்.

1953 நவம்பரில் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் கொல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி. காலரா நோயாளிகளின் வாந்தியை முதலில் மாத்திரையால் நிறுத்தினார். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 4 கிராம் உப்பும் 25 கிராம் குளுக்கோஸும் கரைத்து வாய்வழியாகக் குடிக்கக் கொடுத்தார். இப்படித் தேறியவர்கள் 186 பேர். நரம்பு வழியே சலைன் ஏற்றுவது ஒன்றே வழி என்று எல்லோரும் நம்பிய காலம் அது. காலரா கண்டால் குடல் எதையும் உறிஞ்சாது என்பது அன்றைய பாடம்.

இந்தக் கட்டுரையை நம் பாடத்திட்டம் சொல்வதில்லை. வாய்வழி நீரேற்றத்தின் வரலாறு 1968-இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் குழுவினர் செய்த ஆய்விலிருந்து தொடங்குவதாகவே கற்பிக்கிறோம். அந்த ஆய்வின் பெருமையை நான் குறைக்கவில்லை. உள்ளே போனதையும் வெளியேறியதையும் மணிக்கணக்கில் அளந்து, சலைன் தேவை ஏறத்தாழ 80 விழுக்காடு குறைவதை நிறுவினார்கள். ஆனால் 1953-க்கும் 1968-க்கும் இடையே பதினைந்து காலராப் பருவங்கள் கடந்துபோயின. அந்த இடைவெளியைப் பற்றி நாம் பேசியாக வேண்டும்.

சட்டர்ஜியை ஏற்காதவர்களின் வாதங்களை நான் மதிக்கிறேன். ஒப்பீட்டுக் குழு இல்லை என்கிறார்கள், உண்மை. கழிவின் அளவைக் கணக்கெடுக்கவில்லை என்கிறார்கள், அதுவும் உண்மை. குளுக்கோஸ் ஏன் பயன்படுகிறது என்று அவர் விளக்கவில்லை. விளக்கியிருக்கவும் முடியாது. சோடியமும் குளுக்கோஸும் கைகோத்துக் குடல் சுவரைக் கடக்கின்றன என்று ராபர்ட் கிரேன் பிராகில் சொன்னதே 1960-இல்தான். நான்காவது வாதத்தை மட்டும் ஏற்க மாட்டேன். அவருடைய நோயாளிகள் அதிர்ச்சி நிலைக்குப் போனவர்கள் அல்லர், ஆகவே அது பெரிய சாதனை அல்ல என்பது அந்த வாதம். இன்று நாம் பின்பற்றும் விதியே அதுதானே? அதிர்ச்சி நிலைக்குப் போனவருக்கு நரம்பு வழி, மற்றவருக்கு வாய்வழி. அந்தப் பிரிவினையை 1953-இலேயே நடைமுறையில் காட்டியவரைக் குறைத்துப் பேசுவது எப்படி நியாயமாகும்?

இன்னொரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நம் ஆய்வு மலர் ஒன்றில் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் சட்டர்ஜியின் கட்டுரையை நாட்டு மருத்துவக் குறிப்பு என்று ஒற்றை வரியில் ஒதுக்கினார். காரணம், வயிற்றுப்போக்கைக் குறைக்க சட்டர்ஜி ஓர் இலைச்சாற்றையும் கொடுத்தார். நம் வீட்டுத் தொட்டிகளில் வளரும் அதே கற்பூரவல்லி. அந்தச் சாறு காலராவில் பயன்படும் என்பதற்கு இன்றும் போதிய சான்று இல்லை. அதைக் காட்டி அவரைச் சித்தர் மரபின் வெற்றியாகக் கொண்டாடும் அன்பர்களுக்கும் இதையே சொல்வேன். இலைச்சாறு ஒரு கூற்று, கரைசல் வேறொரு கூற்று. முதலாவது நிரூபணமாகாததால் இரண்டாவதைத் தள்ளுவது முறையல்ல.

கரைசலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 4 கிராம் உப்பு என்றால் சோடியம் சுமார் 68 மில்லிமோல். உலகச் சுகாதார நிறுவனம் 1970-களில் பரிந்துரைத்த கரைசலில் அது 90. 2002-இல் அந்த நிறுவனமே அதை 75 ஆகக் குறைத்தது. மொத்த ஊடுபரவல் செறிவும் லிட்டருக்கு 311-இலிருந்து 245 மில்லிஆஸ்மோலுக்கு இறங்கியது. சட்டர்ஜியின் கரைசல் சுமார் 276. அதில் பொட்டாசியம் இல்லை, பைகார்பனேட் இல்லை, குளுக்கோஸும் இன்றைய அளவைவிட அதிகம். இத்தனை குறைகளோடும், இன்று உங்கள் ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் தரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்குச் சோடியம் அளவில் முந்தைய பரிந்துரையைவிட அவருடையதே நெருக்கம்.

சான்று போதவில்லை என்று நினைத்தவர்கள் அதே கரைசலை இன்னொரு வார்டில் கொடுத்து அளந்து பார்த்திருக்கலாம். யாரும் அதை எடுத்துத் தொடரவில்லை. 1960-களின் தொடக்கத்தில் காலரா ஆய்வாளர் ராபர்ட் பிலிப்ஸ் குழு மணிலாவில் சோதித்த வாய்வழிக் கரைசல் அளவு மீறிய அடர்த்தி கொண்டது. நோயாளிகள் இறந்தார்கள், பிலிப்ஸும் பின்வாங்கினார். சட்டர்ஜியின் நீர்த்த கரைசலோ ஏற்கெனவே அச்சில் இருந்தது.

1971-இல் காலரா பரவிய பங்காவ் அகதி முகாமில் சலைன் பாட்டில்கள் தீர்ந்தபோது மருத்துவர் திலீப் மஹலனபிஸ் செய்ததை நினையுங்கள். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் உப்பு, இரண்டரை கிராம் சமையல் சோடா. டிரம்களில் கலக்கி, நோயாளியின் தாயும் அண்ணனும் குவளையில் பிடித்துக் கொடுத்தார்கள். 30 விழுக்காடாக இருந்த இறப்பு 3.6 ஆகக் குறைந்தது. முகாமில் ஒப்பீட்டுக் குழு வைக்க அவருக்கும் வழியில்லை. ஆனால் அதற்குள் டாக்கா ஆய்வு அவருக்குத் துணை நின்றது. சட்டர்ஜிக்கு அந்தத் துணை இல்லை. 1978-இல் இந்தச் சிகிச்சை நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று தலையங்கம் எழுதியது அதே லான்செட்.

கண்முன் இருக்கும் சான்றைக் கணக்கில் கொள்ளாமல் விடுவது பழங்கதை என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழக உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தார்கள். பெரும்பாலோர் பாதுகாப்பு வரம்பை மீறிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். சுமார் 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. பல உப்பளங்களில் கழிப்பறை இல்லை. ஒதுங்க இடமில்லாததால் பெண்கள் தாகத்தை அடக்கிக்கொண்டு பாத்தியில் உப்பு வாருகிறார்கள். நீர்க்கடுப்பு அவர்களுக்கு மாதாந்திரச் செய்தி. அவர்களுக்கு எத்தனை லிட்டர் என்று பரிந்துரைத்து என்ன பயன்? குடிப்பவரின் அறியாமை என்று நீரிழப்பை எழுதிமுடிக்கும் கட்டுரைகளை நான் தொடர்ந்து படிக்கிறேன், வருந்துகிறேன். இந்த மாநாட்டுக்கு வந்த சுருக்கங்களிலும் ‘கழிப்பறை வசதி இல்லை’ என்பது கள அனுபவக் குறிப்பாகக் கடைசி வரியில் வருகிறது, முடிவு அட்டவணையில் இடம்பெறவில்லை. சட்டர்ஜியின் கட்டுரைக்கு நேர்ந்தது இதற்கும் நேரக் கூடாது.

ஆகவே அவையின் முன் இரண்டு வேண்டுகோள்கள் வைக்கிறேன். முதுநிலைப் பாடத்திட்டத்தில் 1953-ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதன் குறைகளோடு சேர்த்து, மாணவர்கள் நேரடியாகப் படிக்கட்டும். இனி நாம் செய்யும் ஒவ்வொரு கள ஆய்விலும் எவ்வளவு குடித்தார் என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே, குடிக்க முடியாமல் எது தடுத்தது என்ற கேள்வியும் ஒரு மாறியாக அளக்கப்படட்டும். நிறைவு நாளில் இவை தீர்மானங்களாக வரும்போது உங்கள் ஆதரவை வேண்டி, மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.