இரண்டுங்கெட்டான் கட்டி

(மட்டாஞ்சேரியில் நடந்த மகளிர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பின்வரிசையில் புருஷர்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள். எழுந்து போக வேண்டாம். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும்போது பேனாவைப் பிடிப்பது பெரும்பாலும் நீங்கள்தான்.

ஓவரியில், அதாவது சினைப்பையில், வரும் ஒருவிதக் கட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். டாக்டர்கள் 'பார்டர்லைன் ட்யூமர்' என்பார்கள். நம் பாஷையில் இரண்டுங்கெட்டான். ரிப்போர்ட் வந்ததும் வீட்டார் கேட்பது ஒன்றே: "டாக்டர், கேன்சரா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்கோ." அந்த ஒரே வார்த்தைதான் இங்கே கிடையாது.

1929-இல் ஹோவர்ட் டெய்லர் என்ற அமெரிக்க டாக்டர் இதை முதலில் பிரித்துச் சொன்னார். மைக்ராஸ்கோப்பில் புற்றுநோய் மாதிரியே தோன்றும், ஆனால் நோயாளிகள் பல வருஷம் நன்றாக இருப்பார்கள். இதில் செல்கள் பெருகும், அடுக்கடுக்காக ஏறும், உருவமும் மாறும்; ஆனால் அடியில் உள்ள திசுவைத் துளைத்து உள்ளே போகாது. வேலிக்குள் நின்று மேயும் மாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு வயிற்றின் உள்ளுறையிலும் சிறு சிறு திட்டுகள் இருக்கும். அவையும் பெரும்பாலும் துளைப்பதில்லை. துளைக்கும் வகையாக இருந்தால்தான் கவலை.

சினைப்பையின் மேலுறையிலிருந்து வரும் கட்டிகளில் 100-க்கு 10 முதல் 15 வரை இந்த வகை. வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு 40 வயதுக்குக் கீழே. கல்யாணம் ஆகாத பெண், குழந்தைக்குக் காத்திருக்கும் பெண். ஆகவேதான் அவசரப்பட்டு எல்லாவற்றையும் எடுத்துவிடக் கூடாது.

அடையாளம் என்று பெரிதாக ஒன்றும் இராது. அடிவயிறு கனக்கும், உப்பும், இரண்டு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிடும், அடிக்கடி மூத்திரம் வரும். நாம் வாயு என்று ஜீரகவெள்ளம் குடித்துக் காலம் கழிப்போம். புடவைக் கொசுவம் நிற்காத அளவுக்கு வயிறு பெருத்த பிறகு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வேறு சிலருக்குக் கர்ப்ப ஸ்கேனில் தற்செயலாகத் தெரியும். நம் மட்டாஞ்சேரியிலேயே பெண்கள்–குழந்தைகள் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. மூன்று வாரம் தொந்தரவு நீடித்தால் போய்க் காட்டுங்கள். ஸி.ஏ. 125 என்ற ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்ப வேண்டாம். இந்தக் கட்டியிலும் அது சரியாக இருக்கலாம், வயிற்று டி.பி.யிலும் எண்டோமெட்ரியோஸிஸிலும் ஏறலாம்.

சிகிச்சை ஆபரேஷன்தான். குழந்தை வேண்டும் என்கிற பெண்ணுக்கு, கட்டி உள்ள பக்கத்து ஓவரியையும் குழாயையும் எடுத்து, கர்ப்பப்பையையும் மறுபக்கத்தையும் விட்டுவிடலாம். வயிறு முழுக்கப் பார்த்து, சந்தேகமான இடங்களிலிருந்து துணுக்குகள் எடுக்க வேண்டும். கட்டியை மட்டும் சுரண்டி எடுத்தால் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். இரண்டு பக்கமும் இருந்தால் சில சமயம் அதுவே வழி. குழந்தை பெற்று முடித்தவர்களுக்கு இரண்டு ஓவரியையும் கர்ப்பப்பையையும் எடுப்பது வழக்கம். ஆபரேஷன் நடக்கும்போதே செய்யும் 'ஃப்ரோஸன் செக்ஷன்' பரிசோதனை உதவும். பெரிய கட்டியில் அதுவும் தவறலாம். "முடிவு தெளிவில்லை என்றால் எதை எடுப்பீர்கள், எதை விடுவீர்கள்?" என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். கீமோதெரபியால் இதில் பொதுவாகப் பிரயோஜனம் இல்லை. ஓவரியோடு நின்ற நிலையில், 5 வருஷம் கழித்தும் 100-க்கு 95 பேருக்கு மேல் உயிரோடு இருக்கிறார்கள்.

இனி என் தப்பைச் சொல்கிறேன். பல வருஷம் முன்பு, 28 வயதுப் பெண். ஒரு பக்கம் எடுத்தோம். மாமியார் அழுதுகொண்டு நின்றார். "கேன்சர் இல்லை, பயப்படாதேங்கோ" என்றேன். ஆனால் வருஷா வருஷம் ஸ்கேன் வேண்டும், இது 10 வருஷம் கழித்தும் வரும் என்பதை அந்தச் சந்தோஷத்தில் அழுத்திச் சொல்லவில்லை. குழந்தை பிறந்தது, வீடு மாறினார்கள், ஃபைல் பழைய பேப்பரோடு போனது. 9 வருஷம் கழித்து மறுபக்கத்தில் பெரிய கட்டி. முதல் கட்டி என்ன ஜாதி என்று அந்த சர்ஜனுக்குச் சொல்ல ஒரு காகிதம்கூட இல்லை. மிச்சமிருந்த ஓவரியும் போயிற்று. உயிருக்கு ஒன்றுமில்லை. 37 வயதில் மாதவிடாய் நின்ற அவஸ்தை மட்டும் அவளுக்கு.

அதற்குப் பிறகு நான் பார்த்த ஒவ்வொருவரிடமும் ரிப்போர்ட்டின் இரண்டு நகல் கொடுத்தேன், ஒன்று பிறந்தகத்துக்கு. ஸ்லைடையும் மெழுகு ப்ளாக்கையும் கேட்டு வாங்கி, பெரிய புற்றுநோய் மையத்தில் இன்னொரு பேதாலஜிஸ்டிடம் காட்டலாம். நம்மவர்களுக்குத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. இருக்கிறது, அடையாறு இருக்கிறது.

வரன் பார்க்கும்போது இதைச் சொல்லலாமா என்று போன வாரம்கூட ஒரு அம்மா கேட்டார். சொல்லுங்கள் என்றேன். ஒரு ஓவரியோடு பிள்ளை பெற்றவர்கள் நிறையப் பேர்; மறைத்துவிட்டால் அந்தப் பெண் வருஷா வருஷம் ஸ்கேனுக்கு எப்படி வெளியே போவாள்?

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். எழுந்து நின்று கேட்கக் கூச்சமாக இருப்பவர்கள் பெயர் போடாமல் சீட்டில் எழுதிக் கொடுங்கள், படித்துப் பதில் சொல்கிறேன்.