'இலவச' அனுப்புதலுக்கு ஓர் ஆண்டுச் சந்தா

(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பு ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கடைக்குள் நுழையவே பணம் கேட்கும் கடைக்காரரை இந்தியாவின் எந்தக் கடைத்தெருவிலும் காண முடியாது. உழைப்பாளி குடும்பங்கள் அறிந்த கடை, பற்று எழுதிக்கொண்டு மளிகை கொடுத்து, சம்பளம் வந்ததும் கணக்குத் தீர்க்கும் கடை. அதற்கு நேர் எதிரான ஒரு வணிகம் கடந்த பத்தாண்டுகளில் வேரூன்றியிருக்கிறது. அங்கே பொருளுக்கு முன்பே பணம் போகிறது. பணம் செலுத்தியவர் வாடிக்கையாளர் என்று அல்ல, 'உறுப்பினர்' என்று அழைக்கப்படுகிறார். அமேசான் நிறுவனத்தின் 'பிரைம்' சந்தா இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு. கட்சித் தோழர்களின் வீடுகளும் இதற்கு விலக்கல்ல. ஆகவே இதைத் தனிமனித ஒழுக்கம் சார்ந்த குற்றச்சாட்டாகப் பேசுவதில் பயனில்லை. அரசியல் பொருளாதாரக் கேள்வியாகவே பரிசீலிக்க வேண்டும்.

கிடைப்பது என்ன?

2005 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஆண்டுக்கு 79 டாலர் கட்டணத்தில் தொடங்கப்பட்ட இத்திட்டம், 2016 ஜூலையில் இந்தியாவுக்கு வந்தது. முழுச் சந்தா செலுத்துவோருக்குக் குறைந்தபட்சத் தொகை நிபந்தனையின்றிப் பொருள் இலவசமாக வீடு வந்து சேரும். பல நகரங்களில் அன்றைக்கோ மறுநாளோ கிடைத்துவிடும். திரைப்படங்கள், தொடர்கள், பாடல்கள், சில மின்னூல்கள் ஆகியனவும் உண்டு. தள்ளுபடி விற்பனை தொடங்கும்போது உறுப்பினர்களுக்கு முன்னுரிமை உண்டு.

இவை பயனற்றவை என்று கூறுவது உண்மையாகாது. முதியோரைத் தனியே கவனித்துக்கொள்ளும் குடும்பத்துக்கும், நல்ல புத்தகக் கடையே இல்லாத சிறு நகரத்து மாணவருக்கும் வீட்டு வாசலில் பொருள் கிடைப்பது மெய்யான வசதி. கேள்வி வேறு. அந்த வசதியின் விலை என்ன, அதை யார் கொடுக்கிறார்கள்?

கொடுப்பது எவ்வளவு?

தொடக்கத்தில் அறிமுகச் சலுகையாக ஆண்டுக்கு 499 ரூபாய். பின்னர் 999 ரூபாய். 2021 டிசம்பரில் 1499 ரூபாய். ஐந்தரை ஆண்டுகளுக்குள் கட்டணம் மூன்று மடங்கானது. 2023 ஏப்ரலில் மாதச் சந்தா 179 ரூபாயிலிருந்து 299 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆண்டுச் சந்தா அப்போது உயரவில்லை. இதன் பொருளைக் கவனிக்க வேண்டும். 1499 ரூபாயை ஒரே முறையில் எடுத்து வைக்க இயலாதவர் மாதந்தோறும் செலுத்தினால், ஆண்டு முடிவில் 3588 ரூபாய் கொடுத்திருப்பார். அதே சேவைக்கு இல்லாதவர் இருப்பவரைவிட இரண்டு மடங்குக்கும் மேலாகக் கொடுக்கிறார்.

2025 ஜூன் முதல், கட்டணம் செலுத்திப் பார்க்கும் திரைப்படங்களுக்கு நடுவிலும் விளம்பரம் வருகிறது. அது வேண்டாம் என்பவர் ஆண்டுக்கு மேலும் 699 ரூபாய் செலுத்த வேண்டும். மொத்தம் 2198 ரூபாய். நேற்றுவரை சந்தாவுக்குள் அடங்கியிருந்தது இன்று தனிச் சரக்காகிவிட்டது.

ஒரு பொட்டலத்துக்கு 40 ரூபாய் அனுப்புக் கட்டணம் என்று கொண்டால், 1499 ரூபாயை ஈடுகட்ட ஆண்டுக்கு 38 பொட்டலங்கள் வாங்க வேண்டும். சந்தாவின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. பணத்தைக் கட்டியவர் அது வீணாகக் கூடாது என்று கருதுகிறார். பக்கத்துக் கடையில் கிடைக்கும் பொருளுக்கும் கைப்பேசியை எடுக்கிறார். நிறுவனம் விற்பது விரைவு. அது வாங்குவது பழக்கம்.

விரைவின் ஊற்று எங்கே?

சரக்குப் போக்குவரத்தும் உற்பத்தியின் தொடர்ச்சியே, அதில் ஈடுபடும் உழைப்பும் மதிப்பைச் சேர்க்கிறது என்று 'மூலதனம்' இரண்டாம் பாகத்தில் மார்க்ஸ் விளக்கினார். சரக்கு எவ்வளவு விரைவாகப் பணமாகிறதோ, அவ்வளவு விரைவாக மூலதனம் அடுத்த சுற்றுக்குத் தயாராகிறது. ஆகவே 'ஒரே நாளில்' என்ற வாக்குறுதி நுகர்வோர் மீதுள்ள அன்பினால் மட்டும் பிறந்ததல்ல. அதை நிறைவேற்றுவது மந்திரமும் அல்ல, மனித உடல்.

2024 கோடையில் ஹரியானாவின் மானேசரில் உள்ள அமேசான் கிடங்கிலிருந்து வந்த செய்தி நாட்டை அதிரவைத்தது. ஆறு லாரிகளின் சரக்கை இறக்கி முடிக்கும்வரை கழிப்பறைக்கோ தண்ணீர் குடிக்கவோ செல்வதில்லை என்று தொழிலாளர்களிடம் உறுதிமொழி வாங்கப்பட்டதாக நாளிதழ்கள் எழுதின. தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து இதைக் கவனத்தில் எடுத்துக்கொண்டது. இது தனித்த ஒரு நிகழ்வு என்றது நிறுவனம். அங்கு வேலை செய்த 24 வயதுத் தொழிலாளி ஒருவர், நாளுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாட்கள் உழைத்து மாதம் 10,088 ரூபாய் பெறுவதாக அச்செய்தியில் கூறியிருந்தார். மாதத்துக்கு 22 வேலை நாட்கள் என்று கணக்கிட்டால் நாளுக்குச் சுமார் 458 ரூபாய். அவர் சுமக்கும் பொட்டலத்தின் ஆண்டுச் சந்தா, அவருடைய மூன்று நாள் கூலியைவிட அதிகம்.

கிடங்குக்கு வெளியே நிலைமை வேறு வடிவம் எடுக்கிறது. சொந்த இருசக்கர வாகனத்தில், சொந்தச் செலவில் எரிபொருள் நிரப்பிப் பொட்டலம் கொண்டு சேர்ப்பவர் 'கூட்டாளி' எனப்படுகிறார். இலாபத்தில் அவருக்குப் பங்கில்லை, இழப்பில் மட்டுமே பங்கு. 2020-21இல் இத்தகைய கிக் தொழிலாளர்கள் 77 லட்சம் பேர் என்றும், 2029-30இல் 2.35 கோடியாக உயர்வர் என்றும் நிதி ஆயோக் மதிப்பிட்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், நிறுவனங்கள் வருவாயில் 1 முதல் 2 விழுக்காடு வரை நிதிக்கு அளிக்க வேண்டும் என்கிறது. ஆனால் இவர்களை முறையான தொழிலாளர்களாக அது ஏற்கவில்லை.

நட்டத்திலும் ஒரு திட்டம்

2012 செப்டம்பரில் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு அந்நிய நேரடி முதலீடு அனுமதிக்கப்பட்டபோது, இடதுசாரிக் கட்சிகள் வீதியில் இறங்கின. முன்கதவில் எதிர்ப்பு எழுந்தது. மூலதனம் பக்கவாசலில் நுழைந்தது. 'பொருளை விற்பவர் வேறு, சந்தை நடத்துபவர் வேறு' என்ற விளக்கத்துடன் 2016இல் இணையச் சந்தைத் தளங்களுக்கு 100 விழுக்காடு அந்நிய முதலீடு அனுமதிக்கப்பட்டது. அமேசானின் இந்தியத் தளத்தை நடத்தும் நிறுவனம் பல ஆண்டுகள் ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் நட்டம் காட்டியது. தெருமுனை மளிகைக் கடைக்காரர் ஆறு மாத நட்டத்தைத் தாங்க மாட்டார். பன்னாட்டு மூலதனம் பத்தாண்டு நட்டத்தையும் முதலீடாகக் கருதும். போட்டியாளர் ஒழிந்த பிறகு விலையை நிர்ணயிப்பவர் யார் என்பதை 499 ரூபாய் 1499 ரூபாயான கதை முன்கூட்டியே கூறிவிட்டது.

நுழைவது எளிது, வெளியேறுவது?

உறுப்பினராவதற்கு ஒரு தொடுகை போதும். விலகுவதற்கோ பக்கம் பக்கமாகக் கடக்க வேண்டும் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2023இல் அமேசான் மீது வழக்குத் தொடுத்தது. விலகும் வழிக்கு நிறுவனத்துக்குள் வழங்கிய பெயர் 'இலியட்' என்றும் ஆணையம் கூறியது. நெடிய போரைப் பாடும் நெடிய காவியத்தின் பெயர் அது! 2025 செப்டம்பரில் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 100 கோடி டாலர் அபராதமும் நுகர்வோருக்கு 150 கோடி டாலரும் கொடுக்க நிறுவனம் இசைந்தது. இந்தியாவிலும் 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று உத்திகளைத் தடை செய்தது. 'சந்தாப் பொறி' அவற்றுள் ஒன்று. விதி இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்த வைக்கும் மக்கள் வலிமைதான் இன்னும் திரளவில்லை.

செய்ய வேண்டியது

சந்தாவைத் துறப்பதால் மட்டும் மானேசர் கிடங்கில் ஒரு குவளைத் தண்ணீர் கிடைத்துவிடாது. அங்கே சங்கம் அமைந்தால் கிடைக்கும். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுக் கிடங்கில் 2022 ஏப்ரலில் தொழிலாளர்கள் வாக்கெடுப்பில் வென்று சங்கம் அமைத்தார்கள். ராஜஸ்தான் 2023இலும் கர்நாடகம் 2025இலும் கிக் தொழிலாளர் நலச் சட்டங்களை இயற்றியதற்குப் பின்னால் ஓட்டுநர்கள், விநியோகத் தொழிலாளர்களின் அமைப்புகள் நடத்திய போராட்டங்கள் இருக்கின்றன.

கிளைகளின் முன்னுள்ள பணி தெளிவானது. பொட்டலம் கொண்டுவரும் தொழிலாளி நாள்தோறும் தோழர்களின் வாசலில் நிற்கிறார். அவருடைய ஊதியம், வேலை நேரம், விபத்துக் காப்பீடு ஆகியவற்றைக் கேட்டறிய வேண்டும். சங்கத்தின் தொடர்பை அவரிடம் சேர்க்க வேண்டும். குறைந்தபட்ச ஊதியமும் தொழிலாளி என்ற சட்டத் தகுதியும் கோரும் இயக்கத்தில் அவரை இணைக்க வேண்டும். சிறு வணிகர் அமைப்புகளை அந்த இயக்கத்தின் நேச சக்தியாக அணுக வேண்டும். வாடிக்கையாளரை 'உறுப்பினர்' என்று அழைக்கும் நிறுவனம், தன் தொழிலாளி சங்கத்தின் உறுப்பினராவதையே அஞ்சுகிறது. அந்த இரண்டாவது உறுப்பினர் சேர்க்கையே கட்சியின் வேலை.