ஆட்டமும் அன்றாடக் கூலியும்



சிலாபத்துக் கடற்கரைப் பகுதியிலே கரைவலை இழுக்கும் காட்சியைக் கண்டவர்கள் உங்களிற் பலர் இருப்பர். விடியற்பொழுதில் தோணியொன்று கடலினுட் சென்று அரைவட்டமாக வலையை வளைத்துவிட்டு மீளுகிறது. வலையின் இரு தலைப்பிலும் பிணைத்த கயிறுகள் கரையிலே நிற்கும் இரு கூட்டத்தாரிடம் வந்து சேருகின்றன. அம்பாப் பாடலின் தாளத்துக்கு அடியெடுத்து வைத்து அவர்கள் நெடுநேரம் இழுக்கிறார்கள். மடி கரையேறியதும் மீன் விலையாகிறது. வலைக்கும் தோணிக்கும் உரிய பங்கு சம்மாட்டியைச் சேர, எஞ்சியது கயிறு பிடித்தவர்களுக்குப் பங்காகிறது. கயிறு பிடிக்க வராதவனுக்குப் பங்கில்லை. இதிலே கொடுமை ஒன்றுமில்லை. தொழிலின் நியதி அது.

இத்தொழிலுக்குப் பருவம் உண்டு. வைகாசி தொடங்கிச் சோளகக் காற்று வீசும் மாதங்களில் இக்கரையிலே கடல் கொந்தளிக்கும். முன்னேஸ்வரத்து ஆவணித் திருவிழா முடிந்து, மழைக்காலமும் தணிந்த பின்னரே கடல் அடங்கித் தொழில் சீராகும். அந்த அமைதியான மாதங்களில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் சோறு. அத்தகைய நாளொன்றில், உடல் வலிமையும் ஓட்டமும் வாய்ந்த மீனவ இளைஞன் ஒருவன் தன் ஊர் அணிக்காக வெளியூருக்கு ஆடச் செல்லவேண்டி நேர்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அவன் சென்றால் ஊருக்குப் பெயர். வீட்டிலோ அடுப்பு எரியாது. இழந்துபோன அந்த ஒரு நாட் கூலியை அவனுக்கு ஈடுசெய்வது யார்?

சிறியதாகத் தோன்றும் இக்கேள்விதான் ஏறக்குறைய நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் றக்பி என்னும் ஆட்டத்தை இரண்டாகப் பிளந்தது. அந்தப் பிளவிலிருந்து பிறந்ததே இன்று அவுஸ்திரேலியாவில் இலட்சக்கணக்கானோர் கண்டு களிக்கும் தொழின்முறை றக்பி லீக் போட்டிப் பருவம்.

இங்கிலாந்தின் தென்பகுதியிலே றக்பி ஆடியவர்கள் பெரும்பாலும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள். பெரிய பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பயின்றவர்கள். வடபகுதியான யோக்சயரிலும் லங்காசயரிலும் அவ்வாட்டத்தைத் தமதாக்கிக் கொண்டவர்கள் நிலக்கரிச் சுரங்கத்திலும் நெசவாலையிலும் உழைத்தவர்கள். சனிக்கிழமைகளிலும் அவர்களுக்கு வேலை இருந்தது. தூரத்து ஊருக்கு ஆடச் சென்றால் கூலி வெட்டப்பட்டது. ஆகவே, இழந்த நேரத்துக்கு மட்டும் ஈடு கொடுக்க அனுமதியுங்கள் என்று யோக்சயர்க் கழகங்கள் வேண்டின. 1893ஆம் ஆண்டு செத்தெம்பரில் இலண்டனிற் கூடிய றக்பிச் சங்கம் அவ்வேண்டுகோளை வாக்கெடுப்புக்கு விட்டது. ஆதரவாக 136 வாக்குகளும் எதிராக 282 வாக்குகளும் கிடைத்தன. ஆட்டத்தை ஆட்டத்துக்காகவே ஆடவேண்டும் என்பது வென்றவர்களின் வாதம். அவ்வாதம் உயர்ந்ததே. ஆயினும், வயிறு நிறைந்தவனுக்கும் அன்றாடம் உழைத்து உண்பவனுக்கும் அஃது ஒரே விலையில் கிடைக்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1895ஆம் ஆண்டு ஓகத்து 29ஆம் நாள் ஹடர்ஸ்பீல்ட் நகரத்து ஜோர்ஜ் ஹொட்டேலில் வடபகுதிக் கழகங்கள் கூடிப் பழைய சங்கத்தினின்றும் விலகின. வடபகுதி றக்பிச் சங்கம் என்ற புதிய அமைப்பைத் தோற்றுவித்தன. வேலையை விட்டு ஆட வரும் நாளுக்கு ஆறு சிலிங் ஈடாக வழங்கலாம் என்று விதித்தன. சீமான்களின் சம்பளமன்று அது. சுரங்கத் தொழிலாளி ஒருவன் இழந்த கூலி.

காசு கொடுத்து ஆட்டம் பார்க்க வருபவர்களுக்கு ஆட்டமும் விறுவிறுப்பாக இருத்தல் வேண்டுமன்றோ? ஆதலின் விதிகள் மாறலாயின. பந்து பக்கக் கோட்டைத் தாண்டினால் இரு அணியினரும் வரிசையாக நின்று பாய்ந்து பிடிக்கும் முறை 1897இல் நீக்கப்பட்டது. பதினைந்து பேர் ஆடிய அணி 1906இல் பதின்மூன்று பேராகக் குறைந்தது. மடக்கி வீழ்த்தப்பட்டவன் எழுந்து நின்று பந்தைக் காலாற் பின்னே தள்ளி ஆட்டத்தைத் தொடரும் முறையும் அவ்வாண்டிலேயே வந்தது. ஆட்கள் குறைந்தமையால் மைதானத்தில் இடம் விரிந்தது, ஓட்டம் பெருகியது. ஒரே தாயின் வயிற்றிற் பிறந்த இரண்டு ஆட்டங்கள் இவ்வாறு வெவ்வேறு முகம் கொண்டன.

இந்த வரலாற்றில் இலங்கைக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்பதைப் பலர் அறியார். 1907ஆம் ஆண்டில் நியூசிலாந்து அணியொன்று தொழின்முறை ஆட்டம் ஆடுவதற்காக இங்கிலாந்து நோக்கிக் கப்பலிற் புறப்பட்டது. அதை ஒழுங்கு செய்தவர் வெலிங்ரன் நகரத்து அஞ்சல் எழுதுவினைஞரான அல்பேட் பாஸ்கவில் என்னும் இளைஞர். அணியிற் சேர்ந்தவர்கள் ஆளுக்கு ஐம்பது பவுண் முதலிட்டார்கள். பயண முடிவில் வரும் இலாபத்தைப் பங்கிட்டுக் கொள்வதென்று உடன்பட்டார்கள். கரைவலைப் பங்கை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. நியூசிலாந்தின் புகழ்பெற்ற அணிக்கு ஓல் பிளாக்ஸ் என்று பெயர். காசுக்கு ஆடப் போகிறார்கள் என்று எள்ளிய சிட்னிப் பத்திரிகைகள் இவ்வணிக்கு ஓல் கோல்ட்ஸ் எனப் பட்டம் சூட்டின. சிட்னியிலே டலி மெசெஞ்சர் என்னும் சிறந்த வீரர் அவர்களுடன் சேர்ந்து கொண்டார். வழியிலே கப்பல் கொழும்பில் தங்கியபோது அவ்வணி இலங்கை அணியுடன் ஓர் ஆட்டம் ஆடி 33க்கு 6 என்ற புள்ளிகளால் வென்றது. அன்று ஆடியது பழைய விதிப்படியான ஆட்டமே. புதிய விதிகளை அவ்வணியினர் இங்கிலாந்து சேர்ந்த பின்னரே கற்றனர்.

பாஸ்கவில் தம் ஊருக்கு உயிருடன் திரும்பவில்லை. சுற்றுலாவின் இறுதிக் கட்டத்தில், 1908ஆம் ஆண்டு மே மாதம், பிறிஸ்பேன் நகரில் நியுமோனியாக் காய்ச்சலால் இறந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. அடுத்த மாதம் வெலிங்ரனில் அவருடைய தோழர்கள் ஓர் ஆட்டம் ஆடி, அதன் வருமானத்தை அவருடைய தாயாருக்கு அளித்தார்கள். நியூசிலாந்து மண்ணில் புதிய விதிப்படி ஆடிய முதல் ஆட்டம் அதுவே. மகனை இழந்த தாய்க்குத் துணை நிற்பதற்காகவே அந்நாட்டில் இவ்வாட்டம் கால்கோள் கொண்டது.

சிட்னியிலும் நிலைமை கனிந்திருந்தது. அலெக்ஸ் பேடன் என்னும் முடிதிருத்துநர் மாநில அணிக்காக ஆடிக் காயமுற்றார். கை வழங்காமல் தொழில் நின்றது. வைத்தியச் செலவுக்கோ இழந்த வருமானத்துக்கோ ஈடு கிடைக்கவில்லை. அக்குறை பலருடைய நெஞ்சைத் தொட்டது. ஜேம்ஸ் கில்ரினன் என்பவரும் புகழ்பெற்ற கிரிக்கெற் வீரர் விக்டர் ட்ரம்பரும் பிறரும் 1907ஆம் ஆண்டு ஓகத்தில் புதிய சங்கம் ஒன்றை அமைத்தார்கள். 1908ஆம் ஆண்டு ஏப்பிரல் 20ஆம் நாள், ஈஸ்டர் திங்களன்று, ஒன்பது கழகங்களுடன் முதற் போட்டிப் பருவம் தொடங்கியது. அப்பருவத்தின் வெற்றிக் கேடயத்தைப் பெற்றது தொழிலாளர் நிறைந்த ரெட்பேன் பகுதியின் தென் சிட்னிக் கழகம்.

அன்று தொடங்கிய பருவம் இன்று தேசிய றக்பி லீக் என்ற பெயருடன் விளங்குகிறது. 2023 தொடக்கம் 2025 வரையிலான பருவங்களில் பதினேழு கழகங்கள் மோதின; அவற்றில் ஒன்று நியூசிலாந்தைச் சேர்ந்தது. மார்ச்சு மாத அளவில் தொடங்கும் ஆட்டம் செத்தெம்பர் வரை வாரந்தோறும் நடைபெறும். இருபத்தேழு சுற்றுகளில் ஒவ்வொரு கழகமும் இருபத்துநான்கு ஆட்டங்கள் ஆடும். வெற்றிக்கு இரண்டு புள்ளிகள். முதல் எட்டு இடங்களைப் பெறும் கழகங்கள் இறுதிச் சுற்றுகளுக்குச் செல்லும். ஒக்தோபர் முதல் ஞாயிறளவில் மாபெரும் இறுதியாட்டம். ஆட்டமொன்று எண்பது நிமிடம். பந்தை வைத்திருக்கும் அணி ஆறு முறை மடக்கப்பட்டால் பந்தை எதிரணியிடம் இழக்கும். எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையிற் பதித்தால் நான்கு புள்ளிகள். அதன்பின் கம்பங்களுக்கிடையே உதைத்தால் மேலும் இரண்டு. பென்றித் கழகம் 2021 முதல் 2024 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. 2025இல் பிறிஸ்பேன் கழகம் மெல்பேர்ண் கழகத்தை 26க்கு 22 என்று வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது.

செல்வம் மிகுந்த கழகம் சிறந்த வீரர் அனைவரையும் விலைக்கு வாங்கிவிட்டால் போட்டி எங்கே இருக்கும்? இதனை முன்னறிந்தே, 1990ஆம் ஆண்டு தொடக்கம், ஒரு கழகம் தன் வீரர்களுக்கு வழங்கும் மொத்தச் சம்பளத்துக்கு ஓர் உச்ச வரம்பு விதிக்கப்பட்டது. வலிய வலைக்காரன் கடல் முழுவதையும் வளைத்துவிடலாகாது என்பதே அதன் கருத்து.

ஆயினும் ஆறு சிலிங்காகத் தொடங்கிய பணம் வளர்ந்து வளர்ந்து ஒரு நாள் ஆட்டத்தையே விழுங்கப் பார்த்தது. தொலைக்காட்சி உரிமைக்காகப் பெருநிறுவனங்கள் மோதியதன் விளைவாக 1997இல் இரண்டு போட்டிகள் ஒன்றுக்கொன்று எதிராக நடந்தன. மறு ஆண்டு அவை இணைந்தபோது கழகங்களின் தொகையைக் குறைக்க வேண்டுமென்று முடிவாயிற்று. அதற்குப் பலியானவற்றுள் ஒன்று, முதற் கேடயத்தை வென்ற அதே தென் சிட்னிக் கழகம். 1999ஆம் ஆண்டு அது வெளியேற்றப்பட்டது.

கழகத்தின் ஆதரவாளர்கள் அதை ஏற்கவில்லை. முதியோரும் பெண்களும் குழந்தைகளுமாகப் பல்லாயிரவர் செம்மை பசுமை நிறக் கொடிகளுடன் சிட்னி வீதிகளில் ஊர்வலம் சென்றனர். கழகம் நீதிமன்றத்தை நாடியது. 2001இல் மேன்முறையீட்டில் வென்று, 2002ஆம் ஆண்டுப் பருவத்தில் மீண்டும் மைதானத்தில் இறங்கியது. 2003இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது; அப்போதும் கழகத்தை எவரும் மீண்டும் வெளியேற்றவில்லை. சட்டம் கைவிட்டபோதும் மக்கள் கைவிடாத கழகம் அது. 1971க்குப் பின்னர் நாற்பத்துமூன்று ஆண்டுகள் காத்திருந்து, 2014இல் அது மீண்டும் வெற்றி வாகை சூடியது.

பழைய சங்கத்தார் என்ன ஆனார்கள் என்று கேட்கலாம். அவர்கள் தம் கொள்கையிலே நெடுங்காலம் நின்றார்கள். 1995ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில், பிளவு நேர்ந்து சரியாக நூறு ஆண்டுகள் கழிந்த வேளையில், பதினைந்து பேர் ஆடும் றக்பியும் வீரர்களுக்கு ஊதியம் வழங்கலாம் என்று சர்வதேச சபை அறிவித்தது. 1893இல் தோற்ற அந்த 136 வாக்குகள் இறுதியில் வென்றன.

இலங்கையில் வேரூன்றியது அந்தப் பழைய ஆட்டமே. 1879இல் கொழும்பிலே கழகம் அமைந்தது. றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் பிராட்பிக் கேடயத்துக்காக மோதி வருகின்றன. பெரிய நகரங்களிலும் பெரிய பாடசாலைகளிலுமே அவ்வாட்டம் செழித்தது. சிலாபத்தின் பெயரைத் தீவெங்கும் கொண்டு சென்ற பெருமை ஒரு கிரிக்கெற் கழகத்துக்கே உரியது. சிலாபம் மேரியன்ஸ் என்னும் அக்கழகம் நாட்டின் முதல்தரப் போட்டிகளில் ஆடிப் பெயர் பெற்றது. சிறிய கரையோர நகரத்துக்கும் திறமை உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

எனினும் அந்தக் கடற்கரை இளைஞனை மறந்துவிடலாகாது. பாடசாலை மைதானத்தில் எல்லோரையும் முந்தி ஓடிய சிறுவன், கல்வி முடிந்ததும் தந்தையோடு கயிறு பிடிக்கச் செல்கிறான். ஆட்டம் அவனை விட்டு நீங்குவது திறமையின்மையால் அன்று. பேருந்துக் கட்டணம், ஒரு சோடிச் சப்பாத்து, கால் முறிந்தால் வைத்தியச் செலவு, இழந்த நாளின் பங்கு ஆகிய நான்குமே அவனை வீட்டில் நிறுத்துகின்றன. ஊர்க் கழகங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் வசதி படைத்தோரும் சேர்ந்தால் இந்நான்கையும் தாங்குவது பெருங்காரியமன்று. ஹடர்ஸ்பீல்டிலே கூடியவர்கள் கோடீசுவரர்கள் அல்லர். ஆறு சிலிங் போதும் என்று கணக்கிட்டவர்கள்.

கயிறு பிடித்தவனுக்குப் பங்கு உண்டு என்பது சிலாபக் கரையின் பழைய வழக்கம். அந்த எளிய உண்மையை விளையாட்டு மைதானம் ஏற்றுக்கொள்ள நூறு ஆண்டுகள் சென்றன. அடுத்த முறை கடல் அடங்கி வலை விழும் காலத்திலே, ஆட வல்ல ஒருவனுடைய கயிற்றை ஒரு நாளைக்கு மட்டும் மற்றொருவர் பிடித்துக்கொள்வாரானால், அந்த ஊருக்கும் ஓர் ஆட்டப் பருவம் பிறந்துவிடும்.