அண்டை ஏரியலைத் தேடி



பெரம்பலூரிலும் அரியலூரிலும் விமான நிலையம் இல்லை. ஆயினும் அவற்றின் வானம் வெறுமையானதன்று. சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே பறக்கும் வானூர்திகள் அவ்வழியே செல்கின்றன. பயணிகள் வானூர்திகளிற் பெரும்பாலானவை தம் அடையாளம், இருப்பிடம், உயரம், வேகம் ஆகியவற்றை 1090 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஓயாது அறிவித்துக்கொண்டே போகின்றன. இருப்பிடச் செய்தி மட்டும் வினாடிக்கு இருமுறை வெளிவருகிறது. அது மறைமொழியன்று. கணிப்பொறியில் செருகும் விரலளவுக் கருவியும், மாடியில் சிறியதோர் ஏரியலும் இருந்தால் அதனைப் பெற்றுவிடலாம். தொடங்குமுன் உரிம விதிகளை ஆசிரியர் வாயிலாகக் கேட்டறிவது நன்று.

அவ்வலை பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்வது. 10 மீட்டர் உயர ஏரியலுக்கு, 10,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் வானூர்தி கணக்களவில் 425 கிலோமீட்டர் வரை எட்டும். 1,000 மீட்டருக்கு இறங்கிவிட்டால் 140 கிலோமீட்டரளவே எட்டும். அவ்வளவு தொலைவு ஒருவரே கேட்கும்போது அண்டையார் எதற்கு?

எல்லா வானூர்திகளும் தம் இடத்தைச் சொல்வதில்லை என்பதே காரணம். பழைய கருவி பூண்டவை பெயரையும் உயரத்தையும் மட்டும் கூறும். அவற்றின் இடத்தைக் காண, ஒரே செய்தி வெவ்வேறு ஏரியல்களை வந்தடையும் கால வேறுபாட்டை அளக்கவேண்டும். மைக்ரோ வினாடி ஒன்றில் வானொலி அலை 300 மீட்டர் செல்லும். இக்கணக்கிற்குப் பொதுவாக நான்கு நிலையங்களேனும் வேண்டும்.

இங்கேதான் நம் நிலப்படம் சுவையாகிறது. துறையூர், பெரம்பலூர், அரியலூர், செயங்கொண்டம் ஆகிய நான்கும் கிழக்கு மேற்காக ஏறத்தாழ ஒரே கோட்டில் அமைந்தவை. நால்வர் கிடைத்தும், வானூர்தி கோட்டுக்கு வடக்கிலா தெற்கிலா என்ற ஐயம் நீங்காது. கள்ளக்குறிச்சியிலோ கும்பகோணத்திலோ ஒருவர் சேர்ந்தால் ஐயம் தீரும். துறையூர் நண்பரும் வீணல்லர். பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலை மறைக்கும் தாழ்வான வானம் அவருக்குத் தென்படக்கூடும். ஆகவே அடுத்த தெருக்காரரைவிட அடுத்த வட்டத்துக்காரரே நமக்குப் பெருந்துணை.

அவரை எங்ஙனம் கண்டறிவது? இத்தகைய நிலையங்களை இணைக்கும் அமைப்புகள் பல உள. சுவீடனில் பிறந்த ஃப்ளைட்ரேடார்24 தன் நிலையங்களுக்கு அருகிலுள்ள விமான நிலையத்தின் குறியெழுத்தைச் சூட்டுகிறது. திருச்சியின் குறி வி.ஓ.டி.ஆர். என்பது. அக்குறி தாங்கிய நிலையம் திருச்சி நகரிலே இருக்கவேண்டும் என்பதில்லை. பெரம்பலூர் மாடியொன்றிலும் இருக்கலாம். அமெரிக்க ஃப்ளைட்அவேரில் பங்களிப்போரின் பக்கத்தில் அண்டை நிலையங்களின் பட்டியல் உண்டு. அமெச்சூர் வானொலிச் சங்கங்களிலும், பொறியியற் கல்லூரி மின்னணுத் துறைகளிலும் விசாரிப்பது இன்னும் எளிது.

ஓர் எச்சரிக்கை. சில அமைப்புகள் நிலையத்தின் புள்ளியை வேண்டுமென்றே சற்று விலக்கிக் காட்டுகின்றன. வீடு அடையாளம் தெரியலாகாது என்பதே நோக்கம். அப்புள்ளியைத் துருவி, ஏரியலைப் பார்த்துக் கதவைத் தட்டுவது விஞ்ஞான ஆர்வமாகாது, அத்துமீறலே. அமைப்பின் வழியாக ஒரு மடல் விடுக்கலாம். உங்கள் ஊர், ஏரியலின் உயரம், எத்திசையில் எவ்வளவு தொலைவு கேட்கிறது, எத்திசை மறைகிறது என்பவற்றை எழுதுங்கள். முகவரியைக் கேளாதீர்கள். மறுமொழி எழுதுவதும் எழுதாமலிருப்பதும் அவர் விருப்பம்.