மாணவர் மனநலமும் நம் சங்கமும்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"மாணவர் மனநலம்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மனநலம் என்ற சொல்லைக் கேட்டாலே நம்மில் பாதிப்பேர் நாற்காலியில் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்காருவார்கள். நாம் படித்த காலத்தில் ஒருத்தனைக் கேலி பண்ண "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்போம். 1794-இல் தொடங்கிய அந்த மருத்துவமனை எத்தனையோ ஆயிரம் பேரைக் குணப்படுத்தி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. நமக்கோ அது சினிமாக்காரர்கள் கற்றுக்கொடுத்த ஒரு வசவு, அவ்வளவுதான். இந்தக் கேலியின் விலையைத்தான் இன்றைய பிள்ளைகள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மனசு சரியில்லை என்று வாயைத் திறந்து சொல்ல அவர்களுக்குத் தைரியம் வருவதில்லை.

பத்து வருடங்களுக்கு மேலாகக் கல்லூரி மாணவர்களுக்கு ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வரும் யாரும் "மனசு சரியில்லை" என்று ஆரம்பிப்பதில்லை. தலைவலி என்பார்கள், நெஞ்சு படபடக்கிறது என்பார்கள், புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஏறமாட்டேங்குது என்பார்கள். முக்கால்வாசிப் பேரைத் துறைத்தலைவர்தான் அனுப்பியிருப்பார், வருகைப்பதிவு குறைந்துவிட்டது என்று.

அப்படி வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன். தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். மண்ணரையில் ஒரு லைன் வீடு, ஒரே அறை, ஐந்து பேர். அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது வேலை போச்சு. பட்டறைகள் மறுபடி திறந்தபோது அவர் குடியில் இருந்தார். அதற்குப் பிறகு வீட்டைத் தூக்கி நிறுத்தியது அம்மாவின் செக்கிங் வேலையும் வட்டிக் கடனும்தான். பையன் மத்தியானம் கல்லூரி விட்டதும் பவர்டேபிளுக்குப் போவான். ஏற்றுமதி ஆர்டர் அவசரம் என்றால் ராத்திரி ஒன்பதரை, பத்து. சனிக்கிழமை சம்பளம் வந்தால் கடன்காரருக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் பஸ் பாஸ். நாலு பேப்பர் அரியர். வகுப்பில் தூங்குகிறான் என்று வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். அவன் தூங்கினானா, தூக்கமே வராமல் கிடந்தானா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

முதல் நாள் அரைமணி நேரம் அவன் பேசவே இல்லை. நானும் பேசவில்லை. ஆலோசனை என்றதும் புத்திமதி சொல்வது என்று பலபேர் நினைக்கிறார்கள். புத்திமதி சொல்ல ஊரில் ஆளா இல்லை? மாமா சொல்வார், டீக்கடைக்காரர் சொல்வார். ஆலோசகரின் வேலை கேட்பது. குறுக்கே பேசாமல், "இதெல்லாம் ஒரு கஷ்டமா" என்று சிறுமைப்படுத்தாமல், முக்கால் மணி நேரம் ஒருத்தன் பேசுவதைக் கேட்பது. பேசப் பேச, உருண்டு கிடக்கிற சிக்கல் நூல் மாதிரி, எந்த முனையை முதலில் பிடிக்கலாம் என்று அவனுக்கே தெரிய வரும். அவன் சொன்னதை வெளியே சொல்லமாட்டோம். அவன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு, அதையும் முதல் நாளே அவனிடம் சொல்லிவிடுவோம். மருந்து தேவை என்று தோன்றினால் மனநல மருத்துவரிடம் அனுப்புவோம், ஆலோசகர் மருந்து எழுதக் கூடாது. அந்தப் பையனுக்குச் சில மாதங்கள் மருந்து தேவைப்பட்டது, அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைத்தது. இப்போது படிப்பை முடித்து வேலையில் இருக்கிறான்.

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு நல்ல வேர் இருக்கிறது. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தைத் தொடங்கினார். 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 'ஸ்நேகா' என்ற தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கினார். அங்கே போனை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்கள். இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் ப்ளஸ் டூவில் ஒரு பாடம் தவறினால் ஒரு வருடம் போய்விடும். ரிசல்ட் வரும் நாள் என்றாலே வீடுகளில் பயம். பிறகு சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதி அதே வருடம் கல்லூரியில் சேரலாம் என்று அரசு மாற்றியது. அதை வலியுறுத்தியவர்களில் லட்சுமி விஜயகுமாரும் ஒருவர். ஆயிரம் பேருக்குத் தனித்தனியாக ஆறுதல் சொல்வதைவிட, ஒரு விதியை மாற்றியதில் அதிகப் பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள் என்பது என் கருத்து. அரியர் விஷயத்தில் பல்கலைக்கழகங்களும் இப்படி யோசிக்க வேண்டும். சரி, அது வேறு மேடை.

சட்டமும் மாறியிருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக நடத்துவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடுத்தது. அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர், அவருக்கு வேண்டியது சிகிச்சை என்கிறது அதன் 115-ஆவது பிரிவு. 'போலீஸ் கேஸ் ஆயிடும்' என்று பயந்து பிள்ளையை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகாத பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் இனி வேண்டாம். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஓர் ஆலோசகரையாவது, உளவியலாளரையாவது, சமூகப் பணியாளரையாவது அமர்த்த வேண்டும் என்று சொல்லிவிட்டது. உதவி எண்கள் விடுதியிலும் வகுப்பறையிலும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது.

நடப்பில் என்ன ஆகிறது? பல கல்லூரிகளில் ஒரு பேராசிரியரையே பிடித்து, அவர் அறை வாசலில் 'மாணவர் ஆலோசனை மையம்' என்று போர்டு மாட்டிவிடுகிறார்கள். பேராசிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்களில் நல்ல மனசுக்காரர்கள் நிறையப்பேர். ஆனால் இன்டர்னல் மார்க் போடுகிற அதே கையிடம் ஒரு பெண் தன் காதல் தோல்வியைச் சொல்வாளா? போர்டு வெயிலில் வெளுத்துப் போவதுதான் மிச்சம்.

அதனால்தான் சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். வெள்ளிவிழா நினைவாக நுழைவு வளைவு கட்டலாம் என்று தீர்மானம் வந்திருப்பதாகக் கேள்வி. வளைவு அழகாகத்தான் இருக்கும். நன்கொடையாளர் பெயரும் கல்வெட்டில் வரும். ஆனாலும் அந்தத் தொகையை வங்கியில் போட்டு, வரும் வட்டியில் வாரம் இரண்டு நாளாவது வெளியிலிருந்து ஒரு தகுதி பெற்ற ஆலோசகர் வந்து போக ஏற்பாடு செய்யுங்கள் என்கிறேன். அறை முதல்வர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், நூலகத்துக்குப் பின்னால் இருந்தால் யார் கண்ணிலும் படாமல் வரலாம். பெயரெழுதும் ரிஜிஸ்டர் வெளியே வேண்டாம். முக்கியமாக, மத்தியானம் இரண்டு மணிக்கு வைக்காதீர்கள். அந்த நேரம் யாருக்கு உதவி வேண்டுமோ அவன் ஓவர்லாக் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பான். காலையில் கல்லூரி தொடங்கும் முன், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை.

கம்பெனி வைத்திருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களிடம் வேலை பார்க்கும் கல்லூரிப் பையனை, செமஸ்டர் மாதத்தில் மட்டுமாவது ஆறு மணிக்கு விட்டுவிடுங்கள். ஒன்றரை ஷிப்ட் வேண்டாம். மனநலத்துக்கு அதைவிடப் பெரிய நன்கொடை கிடையாது, ரசீதுதான் கிடைக்காது! (சிரிப்பு)

மாணவர்களே, உங்கள் நண்பன் திடீரென்று பேச்சைக் குறைத்தால், ஆசையாக வைத்திருந்த பொருளையெல்லாம் எடுத்துக் கொடுத்தால், "நான் இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது" என்கிற தினுசில் பேசினால், விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "ஏன்டா, சாகணும்னு ஏதாச்சும் தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தப்பு. யாரோ கேட்டார்களே என்று மனம் இளகித்தான் பேசுவான். அவனைத் தனியாக விடாதீர்கள். ரகசியமாக வைத்துக்கொள் என்று சத்தியம் வாங்கினாலும் பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள், நட்பு அப்புறம் சரியாகிவிடும்.

2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம். ஸ்நேகாவின் எண் 044-24640050. இரண்டையும் இப்போதே செல்போனில் பதிந்துகொள்ளுங்கள், நான் நிற்கிறேன்.

வளைவா, ஆலோசகரா என்பதை மதியம் பொதுக்குழுவில் பேசப் போவதாகச் செயலாளர் சொன்னார். எழுத்தில் கருத்துக் கொடுக்க விரும்புவோருக்காக வரவேற்பு மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். மாணவர்களும் அதில் எழுதலாம் என்று முதல்வர் அனுமதி கொடுத்திருக்கிறார், பெயர் போட வேண்டாம். பந்தி போட்டாச்சு என்று சைகை காட்டுகிறார்கள்.